இருதயத்திற்கு நாள் நட்சத்திரமா?

நீலகிரியில் குன்னூருக்கு அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாளுக்கு, இருதயத்திலுள்ள வால்வு ஒன்று கெட்டுப் போய்விட்டதென்றும், அதை எடுத்துவிட்டுப் புது வால்வு வைக்க வேண்டுமென்றும், காலம் கடத்தினால் ஆபத்தென்றும் கோயமுத்தூரில் டாக்டர்கள் சொல்லி, நாளும் குறித்துக் கொடுத்தார்கள். வீட்டார் அந்த நாளைக் கொண்டுபோய் ஒரு ஜோசியரிடம் காட்டினார்கள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "ஆடி மாதம் ஆகாது, ஆவணியில் பார்க்கலாம்" என்று சொல்லி, ஒரு பரிகாரமும் எழுதிக் கொடுத்துக் கூலியும் வாங்கிக் கொண்டார். ஆவணிக்குக் காத்திருந்த குடும்பம் கடன் வாங்கிக் கிடா வெட்டிற்று. ஏற்கெனவே இளைத்துப் போயிருந்த அந்த அம்மாளை விரதமென்று வாரம் இரண்டு நாள் பட்டினியும் போட்டது. ஆடி முடிவதற்குள் ஒரு நடு இரவில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, கொட்டுகிற மழையில் ஜீப்பில் வைத்து மலைப் பாதையில் இறக்க வேண்டியதாயிற்று. ஆகாதென்ற அதே ஆடியில்தான், அவசரத்திலும் அவதியிலும் ரண சிகிச்சை நடந்தது. அம்மாள் பிழைத்துக் கொண்டார். இப்போது ஜோசியர் என்ன சொல்லுகிறார் தெரியுமா? தம்முடைய பரிகாரத்தினால்தான் பிழைத்தாராம்! செத்திருந்தால் தலைவிதி, பிழைத்தால் பரிகாரம். எப்படிப் போனாலும் நஷ்டமில்லாத வியாபாரம் உலகத்தில் இது ஒன்றுதான்.

ரண சிகிச்சைக்கு முன்னேற்பாடு வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. வேண்டியதுதான், நிரம்பவும் வேண்டியதுதான். ஆனால் அது ஜோசியர் வீட்டுத் திண்ணையில் நடக்கிற காரியமல்ல என்றுதான் சொல்லுகிறோம்.

முதலில் நோய் இன்னதென்று பார்ப்போம். இருதயம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை அடிக்கிறது. இரத்தம் ஒரே திசையில் போவதற்காக அதில் நான்கு கதவுகள் உண்டு. அவைதான் வால்வுகள். நம் நாட்டு ஏழைகளுக்கு இவை கெடுவதற்கு ஒரு முக்கிய காரணம் குழந்தைப் பருவத்துத் தொண்டை வலியாகும். ஒருவகைக் கிருமியால் தொண்டை புண்ணாகி, கவனிக்காமல் விட்டால் சிலருக்குச் சில வாரங்களில் வாதக் காய்ச்சல் வருகிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சக்தியே இருதயத்தையும் தாக்கிவிடுகிறது. பல வருஷம் சென்று வால்வு தடித்துச் சுருங்கியோ, சரியாக மூடாமல் ஒழுகியோ போகிறது. ஒரே அறையில் ஆறு பேர் எட்டுப் பேர் படுக்கும் லயன் வீடுகளில் அந்தக் கிருமி சுலபமாகப் பரவும். இதிலே பூர்வ ஜன்ம பாவம் எங்கே வந்தது?

இனி, செய்ய வேண்டியவைகளைச் சொல்லுவோம். பல்லைக் காட்டிச் சொத்தையிருந்தால் முன்கூட்டியே வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து புது வால்வில் குடியேறினால் உயிருக்கே ஆபத்து. பீடி, சிகரெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே அடியோடு விட வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுக்கும் மூச்சுப் பயிற்சியைத் தினமும் பழக வேண்டும். சாப்பிடுகிற எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து லேகியம் உட்பட, டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதுவரையில் நன்றாகச் சாப்பிட வேண்டும். விரதம் ஒன்றே ஒன்று உண்டு. மயக்கத்தில் வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போய்விடாமலிருக்க, ரண சிகிச்சைக்கு முன் டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாமலிருப்பது. அதற்குக் காரணம் உண்டு; ஆகையால் அது விரதமல்ல, விவேகம்.

அடுத்தபடியாக, எந்த வால்வு என்பது. உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் அதில் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட்டு, அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். கீரை, முட்டைக்கோசு இவைகளை ஒரு நாள் குவியலாகவும் மறுநாள் இல்லாமலும் தின்னக் கூடாது; அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும். மாட்டின் இருதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்ததற்குப் பெரும்பாலும் அந்த மாத்திரை ஆயுள் முழுவதும் வேண்டியதில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துபோகலாம். இளம் வயதினருக்கு இன்னும் சீக்கிரம் தேயும். வார்ஃபரின் கருவிலுள்ள குழந்தையைக் கெடுக்கக் கூடுமாதலால், பிள்ளை பெற விரும்பும் பெண்கள் இதை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்திலிருந்து பரிசோதனைக்குப் போய்வர எவ்வளவு தூரம் என்பதையும் யோசிக்க வேண்டும். வயதையும் வாழ்க்கையையும் பார்த்து வால்வைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே தவிர, மாடென்றும் பன்றியென்றும் ஆசாரம் பார்த்தல்ல.

இந்த வால்வு எந்த ரிஷியும் அருளியதல்ல. 1960-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற டாக்டரும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற இஞ்சினீயரும் சேர்ந்து செய்த வால்வு மனிதர் உடம்பில் வேலை செய்தது. நம் நாட்டில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் அவர் கூட்டத்தாரும் விலை குறைந்த வால்வு செய்ய முனைந்தார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தோற்றுப் போயின. தோற்றதைத் தோற்றதென்று ஒப்புக்கொண்டு, காரணத்தைத் தேடி, நாலாவது மாதிரியைச் செய்தார்கள். 1990 டிசம்பர் 6-ல் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு லட்சத்திற்கு மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டது. பஞ்சாங்கம் என்றைக்காவது "நான் தோற்றேன்" என்று சொன்னதுண்டா? இதுதான் அறிவிற்கும் மூட நம்பிக்கைக்கும் உள்ள வித்தியாசம்.

உறவினர் இரத்தம் கொடுக்க முன்வர வேண்டும். இரத்தத்தில் ஏ, பி, ஏபி, ஓ என்ற பிரிவு உண்டு. மேல்சாதிப் பிரிவு, கீழ்சாதிப் பிரிவு என்று ஒன்றும் கிடையாது. திண்ணையில் பக்கத்தில் உட்காரவிடாத மனிதனின் இரத்தம் தன் இருதயத்துக்குள்ளேயே ஓடியபின் தீட்டு எங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணத்திற்கு என்ன செய்வதென்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருஷத்திற்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு முதலில் அங்கே போங்கள். கிடாவுக்குக் கடன் கேட்டுப் போகாதீர்கள். மழைக் காலமானால் மண்சரிவில் பாதை அடைபடும்; முன்னதாகவே மலை இறங்கி விடுங்கள். பிளந்த நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கொழுந்துக் கூடையும் தண்ணீர்க் குடமும் அந்த அம்மாள் தூக்கக் கூடாது. ஆகவே, புருஷன்மார்கள் சோறு பொங்கப் பழகிக்கொள்வதும் முன்னேற்பாடுகளில் ஒன்றேயாகும்.

பயம் இருக்கத்தான் செய்யும். ஆபத்து இல்லாத ரண சிகிச்சை இல்லை. டாக்டர் அதை மறைக்காமல் சொல்லித்தான் கையெழுத்துக் கேட்கிறார். பலன் சொன்ன ஜோசியர், பலிக்காவிட்டால் பொறுப்பு என்று எந்தக் காகிதத்திலாவது கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாரா? கேட்டுப் பாருங்கள்!

தோழர்களே! உங்கள் குழந்தைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் விபூதி போட்டு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தக்க காலத்தில் கொடுக்கும் பென்சிலின் வாதக் காய்ச்சலைத் தடுக்கும். ரண சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால் அந்த நாளைத் தள்ளாதீர்கள். ராகுகாலம் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் வந்துதான் போகிறது. அந்த ஒன்றரை மணி நேரத்திலும் உங்கள் இருதயம் நின்றுவிடாமல் அடித்துக்கொண்டுதானே இருக்கிறது!