வீட்டு மதிப்பீடு தாமதமாவது யாரால்?

வீடு கட்டுவதற்கோ, பழுது பார்ப்பதற்கோ, வீட்டை ஈடுவைத்துத் தொழிலை விரிவு செய்வதற்கோ கடன் கோரும் அங்கத்தினர்களிடமிருந்து ஒரே குறைதான் திரும்பத் திரும்ப எழுகின்றது. "எல்லாம் ஆயிற்று, மதிப்பீடு மட்டும் வந்தபாடில்லை" என்பதே அக்குறை. மதிப்பீட்டாளரைக் குறை கூறுவது எளிது. ஆயினும், அவர் வீட்டைப் பார்வையிட்டு அளந்து முடிக்கப் பெரும்பாலும் ஓரிரு மணி நேரமே ஆகும். வாரக்கணக்கில் காலம் விரயமாவது அதற்கு முன்னும் பின்னுமே. அந்தக் காலத்தைக் குறைப்பது பெரும்பாலும் அங்கத்தினர் கையிலும் சங்கத்தின் கையிலும் இருக்கிறது என்பதே என் கருத்து.

இத்தாமதத்தைச் சிறு விஷயமாகக் கருதலாகாது. பழனி மலைத்தொடரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை வலுக்கும். 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலில் கொடைக்கானல் பகுதியில் மரங்கள் சாய்ந்தும் மண் சரிந்தும் பாதைகள் அடைபட்டதை யாவரும் அறிவோம். கூரையைச் செப்பனிட ஆடியில் கேட்ட கடன் கார்த்திகையில் கைக்கு வந்தால் யாருக்குப் பயன்? இடைப்பட்ட நாளில் அங்கத்தினர் வட்டிக்காரரை நாடிச் செல்கிறார். கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டது. ஆனால் அவசரத்தில் இருப்பவனைச் சட்டத்தைக் காட்டிலும் உரிய காலத்தில் கிடைக்கும் கடனே காப்பாற்றும்.

தாமதத்தின் முதற் காரணம் உரிமைப் பத்திரங்கள். பாட்டனார் பெயரில் பட்டா, தகப்பனார் பெயரில் வீட்டு வரி, மகன் பெயரில் மின் இணைப்பு என்று இருந்தால், எவருடைய சொத்தை மதிப்பிடுவது? சின்னாளபட்டி போன்ற நெசவாளர் ஊர்களில் தறி போட்டிருக்கும் பகுதி ஒரு சகோதரருக்கும் முன்கட்டு மற்றொருவருக்கும் என வாய்ப்பேச்சில் பிரிந்திருப்பதுண்டு. பாகப்பிரிவினை பதிவாகாத வரையில் அறிக்கை நகராது. ஆகவே வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், பாகப்பிரிவினை ஆகியவற்றைக் கடன் மனுவுக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். பட்டா, புலப்படம், வில்லங்க விவரம் ஆகியவற்றை இன்று இணையத்திலேயே பார்க்கலாம். இயலாதவர்களுக்கு இ-சேவை மையம் இருக்கிறது. புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால், பின்னால் ஒரு மாத அலைச்சல் மிச்சமாகும்.

இரண்டாவது, கட்டட அனுமதி. மலைப்பகுதிகளுக்கென 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது முதல், அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்டடம் எழுப்பத் தனி விதிகள் உண்டு. அனுமதியை மீறிய கட்டடங்கள் உயர் நீதிமன்ற ஆணைப்படி 2019இல் கொடைக்கானலில் பூட்டி முத்திரையிடப்பட்டன. எனவே அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத அறையையோ மாடியையோ மறைப்பதில் பயனில்லை. மதிப்பீட்டாளர் அளக்கும்போது அது வெளிப்பட்டே தீரும். மனு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். உள்ளதை மனுவிலேயே எழுதிவிடுவதுதான் குறுக்கு வழி.

மூன்றாவது, பார்வையிடும் நாள். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு அறுவடை நடக்கும் நாளில் வீடு பூட்டிக் கிடக்கும். திண்டுக்கல்லிலிருந்து மலையேறி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். அடுத்த முறை வர எத்தனை நாளாகுமோ! சித்திரை, வைகாசியிலும் வார இறுதியிலும் மலைப்பாதை சுற்றுலா வாகனங்களால் நிறைந்துவிடும். 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையும் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வார நடுவில் ஒரு நாளைக் குறித்து, வாகன அனுமதியையும் முன்கூட்டியே நினைவூட்டுவது நலம். எல்லைக் கற்களை மூடிய புதரை வெட்டி வைக்க வேண்டும். எல்லா அறைகளும் திறந்திருக்க வேண்டும். கட்டிய ஆண்டைக் காட்டும் பழைய வரி ரசீது கையில் இருக்கட்டும். சாலையில்லாத ஊருக்குச் செங்கல்லும் சிமெண்டும் குதிரை முதுகில் போயிருந்தால், அந்த ஏற்றுக்கூலிச் சீட்டுகளையும் காட்டலாம். சமவெளிச் செலவைக் கொண்டு மலைவீட்டைக் கணக்கிட்டால் மதிப்புக் குறையக்கூடும் அன்றோ?

பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு இருக்கும்போது தனி மதிப்பீடு எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். அந்த மதிப்பு முத்திரைத் தீர்வை கணக்கிடுவதற்காக ஏற்பட்டது. சுவரின் வயது, கூரையின் நிலை, பின்புறச் சரிவில் மண் நிற்குமா என்பவற்றை அது கூறாது.

வேறு சிலரோ, தலைவரிடமோ இயக்குநரிடமோ சொல்லி மதிப்பீட்டாளரை விரைவுபடுத்தலாம் என்றும், தொகையையும் சற்று உயர்த்தி எழுதச் செய்யலாம் என்றும் எண்ணுகின்றனர். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஈடாகும் வீட்டின் மதிப்பை மிகைப்படுத்திக் கொடுத்த கடன் வசூலாகாதபோது, இழப்பு சிறுகச் சிறுகச் சேர்த்து வைப்புத்தொகை போட்ட மற்ற அங்கத்தினர்களைச் சேரும். வேண்டுவது பரிந்துரை அன்று, ஆயத்தம்.

சங்கங்களுக்கும் கடமை உண்டு. தேவையான பத்திரங்களின் பட்டியலை அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுக. மனு வந்த அன்றே பத்திரங்களைச் சரிபார்த்து, குறைகள் அனைத்தையும் ஒரே தடவையில் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று கேட்பது அங்கத்தினரை வதைப்பதாகும். ஒரே திசையிலுள்ள ஊர்களின் மனுக்களைச் சேர்த்து, மாதத்தில் ஒரு நாளைக் கூட்டு மதிப்பீட்டு நாளாகக் குறிக்கலாம். பண்ணைக்காடும் தாண்டிக்குடியும் ஒரு நாள், பூம்பாறையும் மன்னவனூரும் மற்றொரு நாள் என ஏற்பாடு செய்தால், பயணச் செலவும் பங்காகும். அறிக்கை வரவேண்டிய தேதியைப் பதிவேட்டில் குறித்து, தவறினால் சங்கமே நினைவூட்ட வேண்டும்.

1929இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி தோன்றிய நாளிலிருந்தே, நிலத்தை நம்பி நீண்ட காலக் கடன் தருவது நம் இயக்கத்தின் பணியாக இருந்து வருகிறது. அந்த நம்பிக்கைக்குச் சரியான மதிப்பீடே அடித்தளம். மழைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே அங்கத்தினர்கள் தத்தம் வீட்டுப் பத்திரக்கட்டை ஒருமுறை பிரித்துப் பார்ப்பார்களாக!