மெழுகுக்குள் இருக்கும் சாட்சி



மார்பில் வந்த கட்டியை வெட்டி எடுத்துவிட்டால், "அதோட முடிஞ்சுது" என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். எடுத்த கட்டி எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய். ஆகவே இம்மாதம் அதையே எழுதுகிறேன்.

அந்தச் சதைத் துண்டைப் பழுதாகாமல் போமலினில் போடுவார்கள். பிறகு மெழுகில் பதித்து, தீப்பெட்டியிலும் சிறிய கட்டையாக்கி, இலக்கமிட்டு ஆய்வுகூடத்தில் வைப்பார்கள். குளிர்ப்பெட்டி தேவையில்லை, பல வருடங்கள் கெடாது.

கட்டையிலிருந்து மயிரிழையிலும் மெல்லிய சீவல் எடுத்து மூன்று புரதங்களைத் தேடுவார்கள். ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன் ஆகிய ஓமோன்களை ஏற்கும் புரதங்கள் இரண்டு. ஹெர்-2 என்பது மற்றொன்று. ஓமோன் ஏற்பி இருந்தால் டமொக்சிபென் போன்ற மாத்திரை பயன்தரும். ஹெர்-2 மிகுந்திருந்தால் அதற்கென 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ராஸ்டுசுமாப் ஊசிமருந்து இருக்கிறது. மூன்றும் இல்லையென்றால் வேறு சிகிச்சை. பக்கத்து வீட்டு மாமியைச் சுகப்படுத்திய மாத்திரை நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

இன்று ஆராய்ச்சி இன்னும் முன்னே போயிருக்கிறது. போமலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். சூடாக்கி அந்தப் பிணைப்பைத் தளர்த்தி, புரதங்களைத் துண்டுகளாக்கி, திணிவு நிறமாலைமானி என்ற கருவியில் அளக்கிறார்கள். சிறு துண்டொன்றில் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே தடவையில் காணலாம். நம்மவர் பலர் குடியேறியுள்ள சிட்னியின் வெஸ்ட்மீட் பகுதியில், 2016 இல் தொடங்கிய புரோகேன் திட்டம் இதைப் பெருமளவில் செய்கிறது. எந்தக் கட்டி எந்த மருந்துக்கு அடங்கும் என்று முன்கூட்டியே சொல்வதே நோக்கம். இது இன்னும் ஆராய்ச்சிதான். நம் சிகிச்சைக்கு இப்போதும் முக்கியம் அந்த மூன்று புரதங்களே.

நற்பிட்டிமுனையில் ஒரு ராத்தா என்னிடம் சொன்னா: "என்ட துண்டெல்லாம் கடலோட போயிற்று. இனி யாரிட்ட போய் என்னத்தச் சொல்ற?"

1990 இல் ஓடியபோதும், 2004 இல் கடல் வந்தபோதும் நாம் இழந்தவற்றில் வைத்தியத் துண்டுகளும் அடங்கும். ஆனால் துண்டு போனாலும் கட்டை ஆய்வுகூடத்தில் இருக்கக்கூடும். எந்த வைத்தியசாலையில், எந்த வருடம் சத்திரசிகிச்சை நடந்தது என்று சொல்லி விசாரியுங்கள். புதிதாகச் சிகிச்சை பெறுவோர் அறிக்கையின் பிரதியை வாங்கி, கட்டையின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதி, பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. ஆராய்ச்சிக்காக உங்கள் சதையைக் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். விளங்காத கடுதாசிகளில் கையெழுத்து வைத்த காலம் போதும். விளங்கிய பின் சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. மறுத்தாலும் உங்கள் சிகிச்சை குறையக்கூடாது.