அம்பாந்தோட்டைக் கரையில் பறவை பார்க்கச் செல்வோருக்கு

தென்னிலங்கைக்குச் செல்லும் எம்மவர்கள் பெரும்பாலும் கதிர்காமத்தைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் மிஞ்சினால் யால தேசிய பூங்காவில் ஜீப் வண்டியில் ஏறிச் சிறுத்தையைத் தேடுகிறார்கள். ஒரு சிறுத்தையின் வாலைக் காண்பதற்கு ஐம்பது ஜீப்புகள் முண்டியடிக்கும் அந்தக் காட்சியில் எனக்கு ஒருபோதும் நாட்டம் இருந்ததில்லை. அதே வீதியில், அம்பாந்தோட்டைக்கும் திஸ்ஸமகாராமவுக்கும் இடையே வெலிகத்தைச் சந்தியில் தெற்கே திரும்பினால் புந்தல இருக்கிறது. இலங்கையில் பறவை பார்ப்பதற்கு எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அதுதான்.

காரணம் எளியது. வடக்கே இருந்து குளிர்காலத்தில் இடம்பெயரும் பறவைகளுக்கு இலங்கையின் தென்கரையே தரையின் எல்லை. அதற்கப்பால் அந்தாட்டிக்கா வரை கடலைத் தவிர வேறெதுவும் இல்லை. எனவே செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கரையின் களப்புகளும் சேற்று நிலங்களும் நிறைந்திருக்கும். உள்ளான்கள், உப்புக்கொத்திகள், ஆலாக்கள் என்று சிறியவை ஒருபுறம். மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா என்று பெரியவை மறுபுறம். 1990ஆம் ஆண்டில் ராம்சார் சாசனத்தின் கீழ் இலங்கையில் முதன்முதலாகப் பதிவுசெய்யப்பட்ட ஈரநிலம் புந்தல. 1993இல் அது தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. விடியற்காலையில் உள்ளே செல்லுங்கள். வெயில் ஏறிய பின்னர் பறவைகளும் ஒதுங்கிவிடும், உங்கள் உற்சாகமும் ஒதுங்கிவிடும்.

பூங்காவுக்குள் இருக்கும் உப்பளங்களைத் தவறவிட வேண்டாம். வருடம் முழுவதும் மனிதர் வேலை செய்யும் அந்தப் பாத்திகளில் நெடுங்கால் உள்ளான்கள் கூட்டமாக இரை தேடுவதைக் காணலாம். அங்கேயே கூடு கட்டும் ஒரு சிறு உப்புக்கொத்தி இனம் இருக்கிறது. அதை வேறோர் இனத்தின் கிளையாகவே நெடுங்காலம் கருதி வந்த ஆய்வாளர்கள், 2023ஆம் ஆண்டில் தனி இனம் என்று நிறுவினார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குஞ்சு பொரிக்கும் பறவை என்பதால், இரு கரைகளையும் இணைக்கும் பாலத்தை நினைவுகூர்ந்து அதற்கு அனுமனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். தமிழர்களாகிய நாம் அந்தச் சின்னஞ்சிறு பறவையை ஒரு தடவையாவது பார்த்துவைக்க வேண்டாமா?

பூங்காக் கட்டணம் செலுத்த விரும்பாதவர்களுக்கு திஸ்ஸ வாவியும் வீரவில குளமும் வீதியோரத்திலேயே இருக்கின்றன. நன்னீர்ப் பறவைகளை அங்கே காணலாம். தங்காலைக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடைப்பட்ட கலமெட்டிய சரணாலயத்தில் படகில் சென்று கண்டல் மரங்களிடையே நீலக்கோழிகளைப் பார்க்கலாம். ஆடி மாதத் திருவிழாவுக்கு வருபவர்கள் வலசைப் பறவைகளை எதிர்பார்க்கக்கூடாது. அவை வடக்கே திரும்பியிருக்கும். ஆனால் உகந்தை முருகன் ஆலயத்திலிருந்து கால்நடையாகக் கதிர்காமம் செல்லும் யாத்திரிகர்கள் கடந்து போகும் குமண, உள்ளூர் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதற்குப் பெயர்பெற்ற இடம் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

இனி நான் சொல்ல விரும்பும் முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். புந்தலயின் பெயரை உலகறியச் செய்தது பூநாரை. பழைய சுற்றுலாக் கைநூல்களை நம்பி அங்கு செல்பவர் இன்று ஏமாற்றமடைவார். பெருங்கூட்டமாக வந்த அந்தப் பறவைகளைக் கடந்த இருபது ஆண்டுகளாக அங்கே காண்பது அரிதாகிவிட்டது. யாரும் அவற்றைச் சுட்டுக் கொல்லவில்லை. எவரும் களப்பை நிரப்பி வீடு கட்டவும் இல்லை. நடந்தது வேறு. கிரிந்தி ஓயாவை மறித்து 1980களில் லுணுகம்வெஹர நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. புதிய குடியேற்றங்களின் வயல்களில் இருந்து வடிந்த நீர் எம்பிலிகல, மாலல ஆகிய களப்புகளில் வந்து சேர்ந்தது. உவர்நீர் நன்னீரானது. தலைகீழாக அலகைக் கவிழ்த்து பூநாரை வடித்து உண்ணும் நுண்ணுயிர்களும் சிறு இறால் வகைகளும் உவர்நீரை நம்பி வாழ்பவை. உப்புக் குறைந்தது, இரை குறைந்தது, பறவை வேறிடம் தேடியது. கலமெட்டியவிலும் இதே கதைதான். உடவளவைத் திட்டத்தின் வடிகால் நீரும் வண்டலும் அந்தக் களப்பைச் சம்புப் புல்லும் கண்டலும் மூடும் சதுப்பாக மாற்றின.

நீர்ப்பாசனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரண்ட பூமியில் நெல் விளைவிக்கும் ஏழை விவசாயியைக் குற்றவாளியாக்குவது அநியாயம். வயலுக்கு நீர் எங்கிருந்து வரும் என்று கணக்குப் பார்த்தவர்கள், அது எங்கே போய்ச் சேரும் என்று பார்க்கவில்லை என்பதே எனது குற்றச்சாட்டு. வடிகாலை வேறு திசையில் திருப்புவது ஆரம்பத்திலேயே செய்திருந்தால் பெரிய செலவல்ல. பின்னர் திருத்துவதோ பலமடங்கு கடினம். அந்தப் பாடத்தை எவரும் படித்ததாகத் தெரியவில்லை. கரகன் லேவாய என்ற உப்புநீர்ப் பரப்பைத் தோண்டியே அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2010இல் திறக்கப்பட்டது. 2013இல் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையமோ யானைகளும் பறவைகளும் நடமாடும் நிலத்தின் நடுவே அமைந்தது. பத்திரிகையாளன் என்ற முறையில் நான் வாசித்த அபிவிருத்தி அறிக்கைகளில் 'குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை' என்ற வாசகத்தைப் போல் மலிவானது வேறெதுவும் இல்லை.

தெற்கின் கதை என்று இதை நாம் ஒதுக்கிவிட முடியாது. பூநாரைகளை இன்று பார்க்க விரும்புபவர் மன்னாருக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் செல்ல வேண்டும். மன்னாரின் வங்காலை 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதே மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக 2025இல் மக்கள் வீதியில் இறங்கினார்கள். காற்றாலை நல்லதா கெட்டதா என்ற பொதுவான விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. எந்த இடத்தில், எந்தப் பறவையின் பாதையில், எந்த நீரோட்டத்தை மறித்து என்ற கேள்விகளுக்குப் பதில் வேண்டும். புந்தலயில் அக்கேள்விகள் உரிய காலத்தில் கேட்கப்படவில்லை.

எனவே புந்தலக்குப் போங்கள். பைனாகுலரை மறக்காதீர்கள். உங்களுடன் வரும் வழிகாட்டியிடம் பூநாரைகள் எங்கே போயின என்று கேளுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்கத் தொடங்கினால், பதில் சொல்ல வேண்டியவர்களின் காதுகளுக்கும் அக்கேள்வி ஒருநாள் எட்டும்.