மதுரையைவிட மலப்புரம் பெரிய ஊரா? ஒரு கோட்டுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

மதுரை பெரிய ஊரா, மலப்புரம் பெரிய ஊரா? மதுரைக்காரர் யாரிடமாவது இப்படிக் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரையின் மக்கள்தொகை சுமார் 14.6 லட்சம். மலப்புரத்துக்கு கிட்டத்தட்ட 17 லட்சம்!

அச்சுப் பிழை இல்லை. 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் பெருநகரங்கள் என நாடு முழுக்க 53 இடங்களை அந்தக் கணக்கெடுப்பு காட்டியது. அதில் கேரளாவுக்கு 7. கொச்சி, கோழிக்கோடு, திருச்சூர், மலப்புரம், திருவனந்தபுரம், கண்ணூர், கொல்லம். தமிழ்நாட்டுக்கு 4 தான். சென்னை, கோவை, மதுரை, திருச்சி. இதில் இன்னொரு வேடிக்கை, 2001-ல் கேரளாவிலிருந்து இந்தப் பட்டியலில் இருந்தது கொச்சி மட்டும். பத்தே வருடத்தில் ஆறு பெருநகரங்கள் எங்கிருந்து வந்தன?

இங்கேதான் 'அர்பன் அக்ளோமரேஷன்' என்ற வார்த்தை வருகிறது. தமிழில் நகரத் திரள் என்று வைத்துக்கொள்ளலாம். மாநகராட்சியோ நகராட்சியோ ஒன்று நடுவில் இருக்கும். அதை ஒட்டியபடி இருக்கும் ஊர்கள், அந்த ஊர்களை ஒட்டிய ஊர்கள் என ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போய், மொத்தத்தையும் ஒரே நகரமாக எண்ணுவார்கள். நடுவில் வயல்வெளியும் கிராமமுமாக இடைவெளி வந்தால் சங்கிலி அறுந்துவிடும்.

ஆனால், கோக்கப்படும் ஊரும் 'நகரம்' என்ற தகுதி பெற்றிருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் கேள்வியே இல்லை. கிராமப் பஞ்சாயத்தின் கீழ் இருக்கும் ஊருக்கு மூன்று சோதனைகள். குறைந்தது 5,000 பேர் வசிக்க வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவிகிதம் பேராவது விவசாயம் அல்லாத வேலை பார்க்க வேண்டும். மூன்றிலும் பாஸானால் அது 'சென்சஸ் டவுன்'. ஒரு ஊர் நகரமா, கிராமமா என்று முடிவு செய்யும் இந்தத் தேர்வில் பெண்கள் பார்க்கும் வேலைக்கு மதிப்பெண்ணே கிடையாது என்பதையும் போகிற போக்கில் கவனித்துவிடுங்கள்.

கேரளாவில் வீடுகள் தெருத் தெருவாகக் குவிந்திருக்காது. தோப்புக்கு நடுவே ஒரு வீடு, அடுத்த தோப்பில் இன்னொரு வீடு என மாவட்டம் முழுக்க நூல் பிடித்த மாதிரி நீளும். கிராமங்களின் பரப்பும் பெரிது என்பதால் 5,000 பேர் சாதாரணமாகத் தேறிவிடுவார்கள். மக்கள் விவசாயத்தை விட்டு வேறு வேலைகளுக்கு நகர நகர, 2001-ல் 99 ஆக இருந்த சென்சஸ் டவுன்கள் 2011-ல் 461 ஆகிவிட்டன. பெட்டிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. மலப்புரம் என்ற சிறிய நகராட்சி, 17 லட்சம் பேர் வாழும் பெருநகரத்தின் பெயர்ப்பலகை ஆனது இப்படித்தான்.

தமிழ்நாட்டு ஊர்கள் அப்படி இல்லை. ஊர் முடியும், வயல் வரும், அடுத்த ஊர் ஆரம்பிக்கும். 2011-ல் நகர்ப்புற மக்களின் விகிதம் தமிழ்நாட்டில் 48.4 சதவிகிதம், கேரளாவில் 47.7. நாம்தான் ஒரு முடி அளவு அதிகம். ஆனால், நம் நகரவாசிகள் நூற்றுக்கணக்கான நடுத்தர ஊர்களில் பிரிந்து வாழ்கிறார்கள்.

சரி, பட்டியலில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

மத்திய அரசு ஊழியரின் வீட்டு வாடகைப்படியில் இதற்குப் பதில் இருக்கிறது. 50 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்கள் எக்ஸ் பிரிவு, 5 லட்சத்துக்கு மேல் ஒய், மற்றவை இசட். 2024 ஜனவரியிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 சதவிகிதம். தமிழ்நாட்டில் எக்ஸ் சென்னை மட்டும். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஆகியவை ஒய்.

திருநெல்வேலி? 2011 கணக்குப்படி அந்த நகரத் திரளில் 5 லட்சத்துக்குச் சில ஆயிரம் பேர் குறைவு. அதனால் இசட். 40,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கும் ஒரு தபால் துறை ஊழியருக்கு ஈரோட்டில் 8,000 ரூபாய் வாடகைப்படி. அதே ஊழியர் மாற்றலாகி நெல்லைக்குப் போனால் 4,000 ரூபாய். பக்கத்து ஊர் ஒன்று சங்கிலியில் மாட்டியிருந்தால்கூட இந்தக் கதை மாறியிருக்கலாம். 2011-ல் எண்ணியது இன்றும் சம்பளச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

ஊழியர்களோடு முடிவதில்லை. 15-வது நிதிக்குழு, காற்று மாசு, குடிநீர், கழிவு மேலாண்மைக்காகப் பத்து லட்சத்தைத் தாண்டிய நகரத் திரள்களுக்கென்று தனியாக நிதி ஒதுக்கியது. 2021-26 காலத்துக்கு அந்தத் தொகை 38,000 கோடி ரூபாய்க்கும் மேல். 2011-ல் 9 லட்சத்தைத் தாண்டியும் 10 லட்சத்தை எட்டாத சேலமும் திருப்பூரும் அதற்குள் வரவில்லை.

சோஷியல் மீடியாவில் ஓயாமல் ஓடும் சென்னை - பெங்களூரு சண்டைக்கும் இதே மருந்துதான். 2011-ல் பெங்களூரு மாநகராட்சியில் 84 லட்சம் பேர், சென்னை மாநகராட்சியில் 46 லட்சம் பேர். 'பாதிதான்' என்று சிரிப்பதற்கு முன், பெங்களூரு எல்லை 700 சதுர கிலோமீட்டருக்கும் மேல், அன்றைய சென்னை வெறும் 174 என்பதைப் பார்க்க வேண்டும். நகரத் திரளாக ஒப்பிட்டால் சென்னை சுமார் 86 லட்சம், பெங்களூரு 85 லட்சம். அந்த வருடமே சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2025-ல் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. இனி மாநகராட்சியை வைத்து ஒப்பிட்டால் பெங்களூரு ஒரே நாளில் 'சுருங்கிவிட்டது' என்று சொல்ல வேண்டிவரும்!

டெல்லியின் கதை இன்னும் சிக்கல். கணக்கெடுப்பின் நகரத் திரள் மாநில எல்லையைத் தாண்டாது. அதனால் மெட்ரோ ரயிலில் சில ஸ்டேஷன்கள் தள்ளி இருக்கும் நொய்டாவும் குருகிராமும் டெல்லியின் கணக்கில் வராது. ஆனால் வாடகைப்படிக்கு மட்டும் தனி உத்தரவு போட்டு, அங்கிருக்கும் ஊழியர்களுக்கு டெல்லி விகிதம் கொடுக்கிறார்கள். சட்டம் ஒரு கோடு போட்டால் பர்ஸ் இன்னொரு கோடு போடுகிறது.

கோட்டுக்குள் வருவது எல்லோருக்கும் லாபம் என்றும் சொல்ல முடியாது. சென்சஸ் டவுன் என்பது கணக்கெடுப்பு ஏட்டில் மட்டும்தான் நகரம். நிர்வாகம் அதே பஞ்சாயத்து, தெருவிளக்கும் சாக்கடையும் அதே பட்ஜெட். நிஜமாகவே மாநகராட்சியோடு இணைத்தாலோ சொத்து வரி ஏறும், ஊரக வேலைத்திட்டம் கைவிட்டுப் போகும். தமிழ்நாட்டில் கிராமங்களை மாநகராட்சிகளோடு சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது, 100 நாள் வேலை போய்விடும் என்று மக்கள் சாலைக்கு வந்தது இதற்காகத்தான்.

2011-க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்புக்கான தேதி 2027 மார்ச் 1. அதற்காக ஊர்களின் நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31 நிலவரப்படி உறைய வைக்கப்பட்டுவிட்டன. சேலம், திருப்பூர், நெல்லை என மூன்று ஊர்களும் எந்தப் பக்கம் விழும் என்பது அந்த எண்ணிக்கை வந்ததும் தெரியும். கணக்கெடுப்பாளர் வீட்டுக் கதவைத் தட்டும்போது, வீட்டில் இருப்பவர்களையும் அவர்கள் பார்க்கும் வேலையையும் விடாமல் சொல்லுங்கள். நெல்லைக்கு அன்று குறைந்தது சில ஆயிரம் பேர்தான்.