கைவசம் இருந்த ஒரே அடி

டென்னிஸில் எல்லா அடியும் எதிராளி அனுப்பும் பந்துக்குப் பதில்தான். சர்வீஸ் மட்டும்தான் முழுக்க நம் கையில் இருக்கிறது. பந்து நம்முடையது. தொந்தரவு செய்ய யாரும் இல்லை. ஒரு முறை தவறினால் மறுவாய்ப்பும் உண்டு. அதுவும் தவறினால் 'டபுள் ஃபால்ட்'. எதிராளி ராக்கெட்டை அசைக்காமலே ஒரு பாயின்ட் அவருக்குப் போய்விடும்.

ரஷ்யாவின் எலினா டெமன்டியேவாவைக் கடைசிவரை படுத்தியது அந்த ஓர் அடிதான்.

1981-ல் மாஸ்கோவில் பிறந்தவர். எவ்வளவு தூரத்துப் பந்தையும் ஓடிப்போய் எடுப்பார். பந்து ஆட்டத்துக்குள் வந்துவிட்டால் அவரை அடக்குவது பெரும்பாடு. 18 வயதில், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார்.

2004-ல் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் இறுதிப் போட்டி. எதிரே, மாஸ்கோவில் அவரோடு சேர்ந்து பயிற்சி எடுத்த அனஸ்தாசியா மிஸ்கினா. சர்வீஸ் போட வரும்போதெல்லாம் கை தடுமாறியது. டபுள் ஃபால்ட் மேல் டபுள் ஃபால்ட். 6-1, 6-2 என்று ஆட்டம் முடிந்துவிட்டது. உலகமே பார்க்க, தன் சர்வீஸிடமே தோற்றார். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் இறுதியிலும் குஸ்னெட்சோவாவிடம் தோல்வி.

வேறொருவராக இருந்தால், அந்தப் பாரிஸ் மைதானத்தின் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். டெமன்டியேவா அடுத்த ஆண்டே அங்கு போனார். ஃபெட் கோப்பை இறுதி, ரஷ்யாவும் பிரான்ஸும் மோதின. இரண்டு ஒற்றையர் ஆட்டங்களிலும் ஜெயித்தார். தினாரா சஃபினாவோடு சேர்ந்து இரட்டையரையும் ஜெயித்தார். ரஷ்யா 3-2 என்று கோப்பையை வென்றது. மூன்றிலும் அவர் பங்கு இருந்தது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் காலிறுதியில் செரீனா வில்லியம்ஸை வீழ்த்தினார். இறுதியில் அதே சஃபினாவிடம் முதல் செட்டை இழந்து, பிறகு மீண்டு வந்து தங்கம் வென்றார்.

2009 விம்பிள்டன் அரையிறுதியில் செரீனாவுக்கு எதிராக மேட்ச் பாயின்ட் வரை போய், கடைசி செட்டை 8-6 என்று விட்டார். 2010-ல் தோகாவில், 29 வயதில், தோற்ற ஓர் ஆட்டத்தின் முடிவில் அங்கேயே ஓய்வை அறிவித்தார். 16 ஒற்றையர் பட்டங்கள், உலகத் தரவரிசையில் 3-வது இடம். கிராண்ட்ஸ்லாம் பட்டம் மட்டும் ஒன்றுகூட இல்லை.

பிற்பாடு அவர் சர்வீஸ் ஓரளவு தேறியது. முழுசாகச் சரியாகவில்லை. அது சரியாகட்டும் என்று காத்திருந்தால் பெய்ஜிங் தங்கம் கிடைத்திருக்காது. குறையையும் கூட்டிக்கொண்டேதான் அவர் மைதானத்துக்குள் போனார்.

நம் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். மேடை ஏறினால் தொண்டை வறண்டுவிடும் மகள், இங்கிலீஷ் பேசக் கூச்சப்பட்டு வேலைக்கு மனுப் போடாத தம்பி. 'அது முதலில் சரியாகட்டும்' என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். போய் ஆடிவிட்டு வரச் சொல்லுங்கள்.