அப்புறம்... அப்புறம்... அப்புறம்!

ஒரு குட்டி டெஸ்ட், மக்களே! 'காலையில எழுந்து, பல் தேய்ச்சு, இட்லி சாப்பிட்டு, பஸ் பிடிச்சு, ஸ்கூலுக்குப் போனேன்.' இதை இங்கிலீஷ்ல சொல்லுங்க பார்ப்போம்.

'போனேன்'ங்கிறதை 'போவேன்'னு மாத்திப் பாருங்க. முன்னாடி இருக்கிற நாலு வார்த்தையும் அசையவே அசையாது. நேத்தா, நாளைக்கான்னு முடிவு பண்றது கடைசி வினை மட்டும்தான். மத்ததெல்லாம் வினையெச்சம், ஓசிப் பயணம்! இங்கிலீஷ் பஸ்ல அந்தச் சலுகை கிடையாது. வோக், பிரஷ்டு, ஏட், காட், வென்ட்னு ஆளாளுக்குத் தனி டிக்கெட் எடுக்கணும்.

ஆம்பூர்ல சனி, ஞாயிறு நாங்க சில பேர் ஒன்பதாவது, பத்தாவது பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றோம். சில பேர் வீட்ல தமிழ், சில பேர் வீட்ல உருது. உருதுலயும் இதே கதைதான். 'உட் கர், கா கர்'னு அடுக்கிட்டே போய், காலத்தைக் கடைசியில வெப்பாங்க. அதனால, 'ஐ கெட் அப், ஈட் இட்லி, வென்ட் டு ஸ்கூல்'னு எழுதுற பையன் மக்கு இல்லீங்க. வீட்டு மொழியோட இலக்கணத்தை ஒழுங்கா ஃபாலோ பண்றான், அவ்வளவுதான். இதை அவன்கிட்டயே சொல்லிடுங்க. பாதி பயம் காலி!

அடுத்த மேட்டர், 'ரீகவுன்ட்' வேற, 'நரேட்டிவ்' வேற. 1980-களில் சிட்னியில் ஜே.ஆர்.மார்ட்டின், ஜோன் ராத்தரி போன்ற மொழியியல் ஆட்கள் ஸ்கூல் பசங்க எழுதினதை அள்ளி வெச்சு வகை பிரிச்சாங்க. நடந்ததை நடந்த வரிசையில சொன்னா ரீகவுன்ட். நடுவுல ஒரு சிக்கல் முளைச்சு, அதை யாராவது அவிழ்த்தா நரேட்டிவ். முதல்ல ரீகவுன்ட் கை வரட்டும்.

தலைப்புக்கு எங்கேயும் அலைய வேணாம். ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிற அம்மாகிட்ட, 'நேத்து என்னம்மா பண்ணே?'ன்னு கேட்டுட்டு வரச் சொல்லுங்க. டேனரி வேலைக்குப் போற அப்பாகிட்ட, அந்த வாரம் தோலுக்கு என்னென்ன ஆச்சுன்னு கேட்கச் சொல்லுங்க. ஊற வெச்சாங்க. சுண்ணாம்புல போட்டாங்க. சதை சீவினாங்க. ஒவ்வொண்ணும் தனி வாக்கியம், தனி இறந்தகாலம். முதல்ல வாயால சொல்லணும், அப்புறம்தான் பேனா. ஒரு பக்கத்துக்கு ரெண்டு 'தென்'தான் ரேஷன்! அடுத்த வாரம், 'பாதியில கரன்ட் போச்சு, என்ன ஆச்சு?'ன்னு ஒரு குண்டு போடுங்க. நரேட்டிவ் ரெடி.

உள்ளூர்லயே சூப்பர் சாம்பிள் இருக்கு. 1806 ஜூலை 10 வேலூர் புரட்சியில கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் இறந்தார். குழந்தைகளோட தப்பிச்ச அவர் மனைவி அமேலியா, ரெண்டு வாரம் கழிச்சு அந்த ராத்திரியை எழுதி வெச்சார். பக்கா ரீகவுன்ட்! அன்னைக்கு நூற்றுக்கணக்கான சிப்பாய்களும் செத்தாங்களே, அதுல ஒரு சிப்பாயோட மகன் எழுதியிருந்தா எப்படி இருந்திருக்கும்? அதைப் பசங்க கற்பனையில எழுதட்டும்.

இதெல்லாம் மார்க்குக்கா? மார்க்குக்கும்தான். பத்தாவது பரீட்சையில குறிப்புகளை விரிச்சு எழுதுற கேள்வி இருக்கு. நிறைய பேர் அதையும் மனப்பாடம் பண்ணித்தான் ஒப்பேத்துறாங்க. ஆனா, மேட்டர் அதோட முடியலை. கேம்பஸ்ல 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'னு கேட்டா நமக்கே நாக்கு ஒட்டிக்குதே, ஏன்? அதுவும் ஒரு ரீகவுன்ட்தான் பாஸ்!

அதைவிடப் பெரிசும் உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில தோல் கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்துல தூங்கிட்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தாங்க. அந்த மாதிரி நேரத்துல 'எத்தனை மணிக்கு, யார் எங்கே இருந்தாங்க, முதல்ல என்ன நடந்துச்சு'ன்னு வரிசையா எழுத வீட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும். இல்லேன்னா, நம்ம கதையை வேற யாரோ அவங்க வசதிக்கு எழுதிடுவாங்க.

லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? பக்கத்து வீட்டு பத்தாங்கிளாஸ் வாண்டு ஒண்ணைப் பிடிங்க. எழுதிக் கொடுத்ததும் சிவப்புப் பேனாவைத் தூக்காதீங்க. முதல் தடவை கதையைப் படிங்க. ஸ்பெல்லிங்கை ரெண்டாவது தடவை பார்த்துக்கலாம்.