உருக்கும் முன் திருப்பிப் பாருங்கள்

வெள்ளி விலை கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியதிலிருந்து, நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளின் அலமாரிகளுக்கு ஓய்வில்லை. பாட்டி காலத்து வெற்றிலைச் செல்லம், குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம் எல்லாம் தராசுக்குப் போகின்றன. கழிவு போக எடைக்குக் காசு. வேலைப்பாடு கணக்கிலேயே வராது.

வேலைப்பாட்டுக்கு மட்டுமே விலை போகும் வெள்ளியும் உண்டு. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்குப் போகிறவர், பெயர் அச்சிட்ட சிறு அட்டையை வாசலில் வேலையாளிடம் கொடுக்க வேண்டும். நம்மூர் வெற்றிலை மரியாதை மாதிரிதான்; மெல்ல முடியாது, அவ்வளவே! அந்த அட்டைகளை வைத்துக்கொள்ள உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளிப் பெட்டி.

பர்மிங்காம் நகரின் நதானியேல் மில்ஸ் பட்டறை இதில் பேர்போனது. மெல்லிய வெள்ளித் தகட்டை எஃகு அச்சில் அழுத்தி, கோட்டையையும் தேவாலயத்தையும் புடைப்பாக எழுப்புவார்கள். ஜன்னல், மரம், மேகம் எல்லாம் பிறகு உளியால் செதுக்குவது. ரயில் ஓடத் தொடங்கிய காலம் அது. வின்ட்சர் கோட்டையைப் பார்க்கப் போனவர்கள் நினைவுப் பொருளாக வாங்கினார்கள். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் அபட்ஸ்ஃபோர்டு மாளிகைக்கும் நல்ல கிராக்கி.

எடை பெரும்பாலும் நூறு கிராமுக்குள்தான். வின்ட்சர் படம் நிறையக் கிடைக்கும். அரிதான கட்டடம் என்றால், அதே எடைக்கு ஏலத்தில் பல மடங்கு!

அடையாளம் பார்ப்பது கடினமில்லை. நங்கூர முத்திரை இருந்தால் பர்மிங்காம். நடக்கும் சிங்கம் என்றால் 92.5 சதவீத வெள்ளி. தனியாக நிற்கும் ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். 'என்.எம்.' என்ற ஆங்கில எழுத்துகள் மில்ஸுடையவை. லண்டன் மிஷன் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கால் பதித்த ஊர் நாகர்கோவில். இப்படி ஒரு பெட்டி இங்கே ஏதாவது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தால் வியப்பில்லை.

சென்னையின் பி.ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனமும் தெய்வ உருவங்கள் புடைத்த வெள்ளிச் சாமான்களை விற்றது. 'சுவாமி வெள்ளி' என்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

நம் வடசேரிக் கோயில் நகை மட்டும் என்ன குறைச்சல்? வெள்ளியில் செய்து, சிவப்புக் கெம்பு பதித்து, தங்கத் தாள் ஒட்டி எடுப்பது. பரதநாட்டிய மேடைகளில் மின்னுவது அதுதான். புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் பழைய வடசேரி ராக்கொடி ஒன்று தராசுக்குப் போனால், கல்லைப் பெயர்த்துவிட்டு மிச்சத்தைத்தான் நிறுப்பார்கள். நம் கைவேலைக்குப் பெரும்பாலும் முத்திரை இருக்காது. முத்திரை இல்லாததாலேயே அது உருகிப்போவதுதான் கொடுமை.

விற்கத்தான் வேண்டும் என்றால், முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பி, செல்போனில் நெருக்கமாக ஒரு படம் எடுங்கள். செய்தது யார், எந்த ஊர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். பழம்பொருள் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு, பிறகு தராசுக்குப் போகலாம். அதுவரை சாம்பலும் புளியும் போட்டுத் தேய்க்க வேண்டாம். செதுக்கிய கோடு மழுங்கிவிடும். மென்மையான துணியே போதும்.